ஒரு சட்டிச் சொதியும் மூன்று ஆய்வேடுகளும்

முப்பத்தொரு வருடம் கல்லூரியில் புள்ளியியல் நடத்திவிட்டு 2020-இல் ஓய்வு பெற்றேன். பாளையங்கோட்டையில் ஓய்வு பெற்ற புள்ளியியல் வாத்தியாருக்கு வேலைக்குப் பஞ்சமே கிடையாது. தெருவுக்கு ஒரு கல்லூரி, வீட்டுக்கு ஒரு ஆய்வு மாணவர் என்று சொல்லும்படியான ஊர். சாயங்காலம் ஆனால் யாராவது பென் டிரைவோடு வந்து தார்சாவில் உட்கார்ந்துவிடுவார்கள். “சார், டேட்டா எல்லாம் எடுத்தாச்சு. கொஞ்சம் பார்த்துக் கொடுங்க.”

எடுத்தாச்சு என்ற அந்தச் சொல்தான் வம்பு. 1938-இல் கல்கத்தாவில் நடந்த இந்தியப் புள்ளியியல் மாநாட்டுத் தலைமையுரையில் புள்ளியியல் மேதை ரொனால்ட் ஃபிஷர் சொன்னதை வருடா வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். சோதனையெல்லாம் முடித்துவிட்டுப் புள்ளியியல்காரனைக் கூப்பிடுவது பிணப் பரிசோதனைக்குக் கூப்பிடுவது மாதிரி, எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவன் சொல்வான் என்பது அதன் சாரம். பையன்கள் சிரிப்பார்கள். ஓய்வுக்குப் பிறகு மூன்று ஆய்வேடுகளுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதில் முதல் பிணம் என் கையாலேயே விழுந்தது.

அக்கா மகன் பொறியியலில் ஆராய்ச்சி செய்கிறான். அலுமினியம் 6061 கலவையில் அனல்மின் நிலையத்து ஃபிளை ஆஷைக் கலந்து வார்த்தால் வலு கூடுமா என்பது கேள்வி. தூத்துக்குடி பக்கத்தில் இருப்பதால் சாம்பலுக்குக் குறைவில்லை. அலுமினியத்தை உருக்கி, கலக்கியை விட்டுச் சுழற்றி, நடுவில் விழும் சுழியில் சூடேற்றிய சாம்பலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். சாம்பலைக் கண்டால் உருகிய அலுமினியம் தாமரை இலைத் தண்ணீர் போல விலகி ஓடும். துளி மக்னீசியம் சேர்த்தால்தான் ஒட்டும். கலக்கும் வேகம் குறைந்தால் சாம்பல் கட்டி கட்டியாக நிற்கும், கூடினால் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். பேட்டைப் பக்கம் ஒரு வார்ப்புப் பட்டறையில் வெயில், மழை பாராமல் நின்று இதைச் செய்தான்.

சாம்பல் 0, 5, 10, 15 சதவீதம் என்று நாலு கலவை. ஒவ்வொன்றிலும் மூன்று துண்டு கடைந்தெடுத்து, இழுத்து முறிக்கும் இயந்திரத்தில் மாட்டிப் பன்னிரண்டு எண்கள் கொண்டுவந்தான். நானும் கணினியில் போட்டேன். பி-மதிப்பு, அதாவது சாம்பலால் ஒன்றுமே ஆகாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு வேறுபாடு வருவதற்கான வாய்ப்பு, 0.001-க்குக் கீழே. வரைபடம் படிக்கட்டு மாதிரி ஏறியது. அக்கா அன்றைக்கு எனக்குப் பால் பாயசம் வைத்துக் கொடுத்தாள்.

அவன் ஆய்வுக் குழு கூடியபோது ஒரு பெரியவர் ஒரே கேள்வி கேட்டாராம்: “எத்தனை தடவை ஊத்தினீங்க?”

ஒவ்வொரு கலவையும் ஒரு தடவைதான் ஊற்றியிருக்கிறான்.

“அப்போ உங்ககிட்ட இருக்கது பன்னிரண்டு இல்ல தம்பி, நாலு.”

வீட்டுக்கு வந்து அவன் சொன்னபோது எனக்குக் காது சுட்டது. இது எனக்குத் தெரியாத விஷயமா? ஒரே வயலில் பத்து இடத்தில் அறுத்துவிட்டு பத்து வயல் என்று கணக்குக் காட்டக் கூடாது என்று எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! கேட்கவேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை. எக்செல் தாளில் வரிசை வரிசையாக அழகாக வந்துவிட்டதால், ஒவ்வொரு வரியும் எப்படிப் பிறந்தது என்று விசாரிக்கத் தோன்றவில்லை.

என் வீட்டுக்காரிதான் அவனுக்கு ஒரே வாக்கியத்தில் விளங்க வைத்தாள். “மறுவீட்டுக்குச் சொதி வைக்காங்க. ஒரே சட்டியில மூணு கரண்டி அள்ளிக் குடிச்சிட்டு, இந்த வீட்டுச் சொதி எப்பவும் இப்படித்தான் இருக்கும்னு சொல்லுவியா? மூணு நாள் வச்சாத்தானே கைப்பக்குவம் தெரியும்?” அன்றிலிருந்து பென் டிரைவோடு வருகிற எல்லோரிடமும் முதல் கேள்வி, “எத்தனை சட்டி?”

கதை அதோடு முடியவில்லை. பட்டறைக்கு நானும் ஒருநாள் போனேன். உலையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாச்சி டீயைக் குடித்துக்கொண்டே, “ஐப்பசி, கார்த்திகையில ஊத்தினா உள்ள பொத்தல் விழத்தான் செய்யும் சார்வாள். தை பிறந்து ஊத்தினா சுத்தமா வரும்” என்றார். உருகிய அலுமினியம் ஈரத்திலிருந்து ஹைட்ரஜனை வாங்கிக்கொள்ளும். உறையும்போது அது வெளியே வர முடியாமல் உள்ளே நுண்துளையாக நிற்கும். துளை கூடினால் வலு குறையும். பாடப் புத்தகத்தில் உள்ளதைத்தான் அவர் மாதக் கணக்கில் சொன்னார். மருமகனின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். சாம்பல் இல்லாததை அடைமழையில் ஊற்றியிருக்கிறான். 15 சதவீதத்தை ஊற்றியது தைப்பொங்கல் கழித்து. அப்படியானால் எங்கள் படிக்கட்டில் ஏறியது சாம்பலா, வெயிலா? பிரித்துச் சொல்ல வழியே இல்லை. அந்த அண்ணாச்சியை ஒரு வருடம் முன்னால் கேட்டிருந்தால் ஒரு டீ செலவோடு போயிருக்கும்.

மாடி வீட்டில் குடியிருந்த டாக்டரம்மா இதையெல்லாம் கேட்டுப் பயந்துபோய், டேட்டா எடுப்பதற்கு முன்பே என்னிடம் வந்தார். கும்பகோணத்துப் பெண், மயக்க மருந்தியலில் மேற்படிப்பு. சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டதும் பல தாய்மார்களுக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். கீழ்ப்பாதி உடம்பின் ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கிற நரம்புகளும் சேர்ந்து மரத்துப்போவதால் குழாய்கள் தளர்ந்து, இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைகிறது. அப்போது இதயச் சுவரில் உள்ள சில உணர்விகள் செரோட்டோனினால் தூண்டப்பட்டு நாடியையும் அழுத்தத்தையும் இன்னும் இறக்கிவிடும் என்று ஒரு விளக்கம் உண்டு. வாந்திக்குக் கொடுக்கும் ஒண்டான்செட்ரான் அந்த உணர்விகளைத் தடுக்கிற மருந்து. அதை முன்கூட்டியே கொடுத்தால் இறக்கம் குறையுமா? இதுதான் அவர் ஆய்வு.

“முப்பது பேர், முப்பது பேர் போதும்னு சீனியர்ஸ் சொல்றாங்க சார்.”

முப்பது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. வழிவழியாக வருகிற எண். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மருந்து இல்லாமல் 100-இல் 60 பேருக்கு இறங்கும், மருந்து கொடுத்தால் 35 ஆகும் என்று எதிர்பார்த்தால், 80 சதவீதத் திறனோடு, அதாவது வேறுபாடு நிஜமாகவே இருந்தால் 100-க்கு 80 தடவை சிக்கும்படி, அதைப் பிடிக்க மருந்து கொடுக்கிற பக்கம், கொடுக்காத பக்கம் என்று பக்கத்துக்கு 59 பேர் வேண்டும். முப்பது பேரை வைத்துக்கொண்டு பிடிக்கவேண்டுமென்றால் 60 என்பது 25-க்கு விழ வேண்டும். அவ்வளவு பெரிய விளைவு இருந்தால் ஆய்வு எதற்கு, கண்ணாலேயே தெரிந்துவிடும். விட்டுப்போகிறவர்களையும் சேர்த்துப் பக்கத்துக்கு 65 என்று வைத்தோம்.

இந்த இடத்தில்தான் மூன்றாமவர் நுழைகிறார். சேரன்மகாதேவிப் பக்கத்துக்காரர், ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர், அரசியல் கோட்பாட்டில் ஆராய்ச்சி. என்னை அண்ணாச்சி என்பார். உண்மையைச் சொன்னால் எனக்கு அவர் ஆய்வின் மேல் அவ்வளவாக மதிப்பு இல்லை. அளப்பதற்கு ஒன்றும் இல்லாமல் ஐந்து வருடம் என்னத்தைத்தான் செய்கிறார்கள் என்று மனதுக்குள் நினைத்திருக்கிறேன். பேச்சுத் துணைக்கு நல்ல மனுஷன், அதனால் டீ உண்டு.

ஒருநாள் கரண்ட் இல்லை. எல்லோரும் தார்சாவில் இருந்தோம். டாக்டரம்மா தன் ஆய்வைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் குறுக்கே கேட்டார்.

“டாக்டர், பி.பி. இறங்குதுன்னு சொல்லுதீங்களே, எவ்வளவு இறங்கினா இறங்கினதா அர்த்தம்?”

“இருபது பர்சென்ட்.”

“எதுல இருந்து இருபது?”

“பேஸ்லைன்ல இருந்து.”

“அந்த பேஸ்லைனை எங்க வச்சு எடுப்பீங்க?”

டாக்டரம்மா பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்திவிட்டார். ஆபரேஷன் மேசையில் படுக்கவைத்து எடுத்தால், பயத்தில் அழுத்தம் ஏற்கெனவே ஏறியிருக்கும். அதிலிருந்து பார்த்தால் எல்லோருக்கும் இறங்கினதாகத்தான் தெரியும். வார்டில் அமைதியாக இருக்கும்போது எடுத்தால் வேறு எண். கணக்குப் போட்டுக் கொடுத்த எனக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை. 60 என்று நான் எழுதினேனே, எந்த அர்த்தத்தில் 60?

அடுத்த வாரம் டாக்டரம்மா ஒரு கட்டுரையோடு வந்தார், 2010-இல் வந்தது. சிசேரியனில் அழுத்தம் இறங்குவது பற்றிய 63 வெளியீடுகளைத் தேடிப் பார்த்ததில் ‘இறங்குவது’ என்பதற்கு 15 விதமான வரையறை இருந்ததாம். அவற்றை ஒரே கூட்டத் தாய்மார்களுக்குப் பொருத்திப் பார்த்தால், ஒரு வரையறையில் 7.4 சதவீதம் பேருக்கு இறங்கியிருக்கிறது, இன்னொன்றில் 74.1. அதே பெண்கள், அதே ரத்தம்! சொல்லுக்கு அர்த்தம் மாறினால் எண் பத்து மடங்கு மாறுகிறது.

உடனே திட்டத்தைத் திருத்தினார். அடிப்படை அளவு என்பது மேசைக்குப் போகும் முன், சாய்த்துப் படுக்கவைத்து எடுத்த மூன்று அளவுகளின் சராசரி. இறக்கம் என்பது மேலெண் அதில் 80 சதவீதத்துக்குக் கீழே போவது. குழந்தை வெளியே வரும்வரை நிமிடத்துக்கு ஒரு தடவை அளவு. இதையெல்லாம் எழுதி நெறிமுறைக் குழுவில் ஒப்புதல் வாங்கி, இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டிலும் முதல் நோயாளிக்கு முன்பே ஏற்றினார். 2018 ஏப்ரலில் இருந்து முதல் ஆளைச் சேர்த்த பிறகு அங்கே பதிய முடியாது. நல்ல விதி. முடிவைப் பார்த்துவிட்டு வரையறையைத் தேர்ந்தெடுக்கிற ஆசை எப்பேர்ப்பட்ட யோக்கியனுக்கும் வரும். அப்படித் தேர்ந்தெடுத்தால் எனக்குத் தெரிந்த எந்தச் சோதனையாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

நடுவில் ஒரு ராத்திரி அவருக்கு ஒரு சறுக்கல். யாருக்கு எந்த மருந்து என்பது ஒட்டிய உறைக்குள் எண் வரிசைப்படி இருக்கும். அவசர கேஸ் நெருக்கடியில் யாரோ 41-க்குப் பதில் 42-ஐப் பிரித்துவிட்டார்கள். காலையில் கண் சிவந்து இறங்கி வந்தார். அந்த ரெண்டு பேரையும் எடுத்துவிடலாமா சார் என்றார். எடுக்காதே அம்மா, நடந்ததை நடந்தபடி ஒரு வரி எழுது என்றேன். யோஷிதக ஃபுஜி கதையையும் சொன்னேன். இதே குடும்பத்து வாந்தித் தடுப்பு மருந்துகளை வைத்துக் கட்டுரைகளாக எழுதித் தள்ளிய ஜப்பானிய மயக்க மருந்து நிபுணர். 2012-இல் அந்நாட்டுச் சங்கம் விசாரித்து, அவர் கட்டுரைகளில் 172-இல் தரவு புனையப்பட்டது என்று முடிவு செய்தது. அதே வருடம் ஜான் கார்லைல் என்கிற இங்கிலாந்து மயக்க மருத்துவர் அவருடைய சோதனைகளைப் புள்ளியியல் கொண்டு சலித்துப் பார்த்து, இரண்டு பக்கத்து நோயாளிகளின் வயது, எடை எல்லாம் தற்செயலாக அமைய முடியாத அளவுக்கு ஒத்திருக்கிறது என்று காட்டினார். நிஜத் தரவில் அங்கங்கே கறை இருக்கும். 42-ஆம் உறை அந்த ஆய்வேட்டில் ஒரு வரியாக இன்றைக்கும் இருக்கிறது. பரிசோதகர் அதைப் பற்றி நல்லபடியாகத்தான் கேட்டாராம்.

மருமகனும் இதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிடிமானத்துக்குப் பக்கத்தில் முறிந்த துண்டுகள் ரெண்டைச் சத்தமில்லாமல் கணக்கிலிருந்து நீக்கியிருக்கிறான் என்பது அன்றைக்குத்தான் வெளியே வந்தது. நீக்கியதில் தப்பில்லை, அளவுப் பகுதிக்கு வெளியே முறிந்தால் அந்த எண்ணை நம்ப முடியாதுதான். சத்தமில்லாமல் நீக்கியதுதான் தப்பு.

சரி, அரசியல் கோட்பாட்டுக்காரருக்கு வருகிறேன். அவர் விஷயத்தில் எனக்கு நிறைய சொல்ல இருக்கிறது.

அவர் ஆய்வு சுயமரியாதை என்ற கருத்தைப் பற்றியது. 1925-இல் இங்கே சேரன்மகாதேவியில் வ.வே.சு. ஐயரின் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டது காங்கிரஸைக் கலக்கியது எல்லோருக்கும் தெரியும். அந்த ஜூன் மாதமே ஐயர் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் இறந்தார். அந்த வருடக் கடைசியில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரஸிலிருந்து வெளியேறினார். இது வரலாறு. நம்மவர் இதற்கு மேல் ஒரு கட்டடம் எழுப்பியிருந்தார். அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் 1971-இல் நீதியைப் பற்றி எழுதியபோது, அடிப்படை நன்மைகளில் மிக முக்கியமானது சுயமரியாதையாக இருக்கலாம் என்றார். ஆக, ரால்ஸ் சொன்னதை நாற்பத்தைந்து வருடம் முன்னாலேயே தமிழ்நாடு சொல்லிவிட்டது. முதல் இயல் இந்த முழக்கத்தோடு முடிந்தது. கேட்க எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

ஆனாலும் தொழில் புத்தி விடவில்லை. “தம்பி, நீங்க சொல்லுதது தப்பா இருந்தா, தப்புன்னு எதை வச்சுத் தெரியும்?” என்று கேட்டுவிட்டேன்.

முகம் வாடிவிட்டது. “இது பி-மதிப்பு இல்ல அண்ணாச்சி” என்று டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவர் ரெண்டு வாரம் இந்தப் பக்கமே வரவில்லை. வந்தபோது அந்த இயலைக் கிழித்துப் போட்டிருந்தார்.

சுயமரியாதை என்று நாம் மொழிபெயர்த்துக்கொள்கிற ஆங்கிலச் சொல்லும், 1925-இல் இங்கே புழங்கிய சொல்லும் ஒன்றுதானா என்று அவரிடம் அவரே கேட்டிருக்கிறார். டாக்டரம்மாவிடம் கேட்ட அதே கேள்வி. அரசியல் சிந்தனை வரலாற்றறிஞர் குவென்டின் ஸ்கின்னர் 1969-லேயே எச்சரித்தது இதைத்தான் என்றார். பின்னால் வந்தவர்களின் கருத்தை முன்னால் இருந்தவர்களின் வாயில் திணிக்கக் கூடாது. மரியாதை என்ற வடசொல்லுக்கு எல்லை என்று ஒரு பொருள். நம் ஊர்க் கோயில் கொடையில் மரியாதை என்றால் என்ன? பரிவட்டம் யாருக்கு முதலில், திருநீறு யாருக்கு அடுத்து என்கிற வரிசை. அது கொடுக்கிறவன் கையில் இருப்பது, ஒருவனுக்கு முதலில் கிடைத்தால் இன்னொருவனுக்கு இரண்டாவதாகத்தான் கிடைக்கும். அதன் முன்னால் ‘சுய’ என்று ஒட்டுவது எவ்வளவு விபரீதமான காரியம் பாருங்கள்.

அப்புறம் தத்துவ அறிஞர் ஸ்டீபன் டார்வல் 1977-இல் செய்த ஒரு பிரிவினையைக் காட்டினார். ஒருவர் செய்து காட்டியதைப் பார்த்து நாம் வைக்கிற மதிப்பு ஒன்று, மனிதர் என்பதற்காகவே தந்தாக வேண்டிய மதிப்பு இன்னொன்று. “குருகுலத்துப் பையன் என்ன சாதிச்சுட்டான் அண்ணாச்சி? எட்டு வயசு, பத்து வயசு. அவனுக்கு மறுக்கப்பட்டது பாராட்டு இல்ல, பந்தியில ஒரு இலை.” ரால்ஸ் பேசும் சுயமரியாதையில் தன் மதிப்பை உணர்வதும் வருகிறது, தன் திறமையில் வைக்கும் நம்பிக்கையும் வருகிறது. பந்தியில் இலை கேட்டவர்கள் திறமையைப் பற்றிப் பேசவில்லை. எங்கே ஒட்டுகிறது, எங்கே விலகுகிறது என்பதுதான் இப்போது ஆய்வேடு. முழக்கம் போய்விட்டது, பொருள் வந்துவிட்டது. அளக்காமலே ஒருவர் இவ்வளவு கறாராக இருக்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் ஒத்துக்கொண்டேன்.

என் கேள்விக்கு அவர் கண்டுபிடித்த வழி எளிது. பழைய இதழ்களில் அந்தச் சொல் வரும் இடத்தையெல்லாம் அட்டையில் குறித்தார். தன் விளக்கத்துக்குப் பொருந்துவது நீல மை, பொருந்தாதது சிவப்பு மை. சிவப்பு அட்டைகளுக்கு ஒரு முழு இயல். சாதகமானதை மட்டும் பொறுக்கிக் கோர்ப்பது எந்தத் துறையிலும் சுலபம், மேற்கோள் காட்டுகிற துறையில் ரொம்பவே சுலபம்.

அதிலும் ஒரு கெட்ட காலம் வந்தது. 2023 டிசம்பர் 17, 18 மழையை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். அவர் அப்போது சிந்துபூந்துறையில் வாடகைக்கு இருந்தார். ஆறு தெருவுக்குள் வந்து, கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டி முழுகிவிட்டது. தண்ணீர் வடிந்ததும் அட்டைகளை எங்கள் மாடியில் ஃபேனுக்குக் கீழே பரப்பினோம். நீலம் பால்பாயின்ட், நின்றுவிட்டது. சிவப்பை ஊற்றுப் பேனாவால் எழுதியிருந்தார். அவ்வளவும் ரோஜா நிறத் தண்ணீராக ஓடிவிட்டது. அதாவது அவருக்கு எதிரான சாட்சியம் மட்டும் அழிந்துபோயிற்று! நாங்கள் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் இருந்தோம். பக்க எண் எஞ்சிய அட்டைகளைக் கொண்டு சிலதை மீட்டார். மீதிக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னைக்கு மூன்று தடவை போய், நூலகத்தில் உட்கார்ந்து திரும்ப எடுத்தார். இப்போது மேற்கோள் எடுத்தால் இதழின் முகப்பையும் பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்து, அன்று ராத்திரியே மனைவியின் போனுக்கும் ஒன்று அனுப்பிவிடுகிறார். ஊற்றுப் பேனா வீட்டில் கிடையாது.

டாக்டரம்மா முடித்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். முன்கூட்டி எழுதிய வரையறைப்படி அவர் மருந்து பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. இன்னொரு வரையறையில் நன்றாகவே சாதித்தது. முதலாவதை முடிவாக எழுதி, இரண்டாவதைப் பின்னிணைப்பில் வைத்தார். தலைகீழாக வைத்திருந்தால் ஒரு நல்ல இதழில் வந்திருக்கும் என்று ஒரு தோழி சொன்னாளாம். சொன்னதோடு சரி.

மருமகனுக்குத்தான் எல்லாம் முதலிலிருந்து. காசு புரட்டி, மறுபடி வார்க்க இத்தனை காலம் ஆகிவிட்டது. இந்தத் தடவை திட்டத்தைப் பட்டறை அண்ணாச்சியையும் வைத்துக்கொண்டு போட்டோம். மழைக்கு முன் நாலு வார்ப்பு, மழையில் நாலு, மழைக்குப் பின் நாலு. ஒவ்வொரு பருவத்திலும் நாலு கலவையும் ஒரு தடவை வரும். ஒரு வார்ப்புக்கு மூன்று துண்டு முறித்தாலும் மூன்றின் சராசரி ஒரே எண்ணாகத்தான் கணக்கில் ஏறும். இப்போதும் பன்னிரண்டு எண்கள்தான், ஆனால் பன்னிரண்டு சட்டி.

பருவத்துக்குள் எதை முதலில் ஊற்றுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வதென்று பேச்சு. போன ஆவணியில் எங்கள் வீட்டில் நாலு சீட்டு எழுதி எவர்சில்வர் டம்ளரில் போட்டோம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். முதல் சீட்டு 0. அடுத்தது 5. மூன்றாவது 10. நாலாவதைப் பிரிக்கவே வேண்டாம்.

“மாமா, இது பழைய வரிசையேல்லா! இன்னொரு தடவை குலுக்குவோம்.”

இப்படி வர 24-இல் ஒரு வாய்ப்பு. எனக்கும் ஒரு நிமிடம் சபலம் தட்டியதை மறைப்பானேன். பிடிக்கிற வரிசை வரும்வரை குலுக்கினால் அது குலுக்கல் இல்லை, மற்ற ரெண்டு பருவத்துக்கும் தனித்தனியாகக் குலுக்கத்தான் போகிறோம், இந்த ஒன்றால் குடி முழுகாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா சீட்டுகளை வரிசையாக நோட்டில் ஒட்டிவிட்டு, டம்ளரைக் கழுவி அதில் அவனுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.